பதிப்பு எண்ணை முதலில் படிப்பது மனிதர் அல்ல

2021 அக்டோபரில் பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு வெளியானபோது கிளம்பிய சிக்கல்களில் ஒரு வகைக்கும் மொழிக்கும் சம்பந்தமே இல்லை. பதிப்புச் சரத்தின் முதல் மூன்று எழுத்துகளை வெட்டியெடுத்து "3.8", "3.9" என்று பார்த்துப் பழகிய ஸ்கிரிப்ட்களுக்கு அன்று கிடைத்தது "3.1". யாமல் (அமைப்புகளை எழுதிவைக்கும் ஒரு வடிவம்) கோப்பில் மேற்கோள்குறி போடாமல் 3.10 என்று எழுதியவர்களுக்கும் இதே கதிதான். யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசிச் சுழியத்தைத் தள்ளிவிட, சிஐ சர்வர் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் இயந்திரம்) பைத்தான் 3.1ஐத் தேடிப் போனது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புதிதாகக் கை வைப்பவர்கள் இன்றும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

3.10 என்பது தசம எண் அல்ல, புள்ளியால் பிரிந்த இரண்டு முழு எண்கள். எல்லாருக்கும் தெரிந்த செய்தி இது. தெரிந்தும் தவறு நடக்கிறது, ஏனென்றால் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் படிக்கப்போகிற மனிதரை மட்டுமே நினைக்கிறோம். அந்த எண் மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே பேக்கேஜ் மேனேஜர் (பிறர் நிரல்களை இறக்கிப் பொருத்தும் கருவி), இன்ஸ்டாலர், ஆப் ஸ்டோர், டாக்கர் ரெஜிஸ்ட்ரி, எவரோ எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பல கைகள் மாறிவிடுகிறது. ஒவ்வொன்றும் அதை இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டு ஒரு முடிவெடுக்கிறது: இறக்கலாமா, வேண்டாமா, பழையதை அழிக்கலாமா. ஆகவே எந்த முறையைப் பின்பற்றுவது என்று விவாதிக்க உட்காரும் குழு முதலில் கேட்க வேண்டியது, இந்த எண்ணை எது ஒப்பிடப்போகிறது, ஒப்பிட்டு என்ன செய்யப்போகிறது என்பதைத்தான். பார்க்க எது அழகு என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் வெளியிடுவது லைப்ரரி (பிற நிரல்கள் தமக்குள் எடுத்து உபயோகிக்கும் நிரல் தொகுப்பு) என்றால் பதிலில் பெரிய குழப்பமில்லை. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதிவைத்த செமான்டிக் வெர்ஷனிங், சுருக்கமாகச் செம்வெர், அதற்காகவே பிறந்தது. மேஜர், மைனர், பேட்ச் என மூன்று எண்கள். பழைய நிரல் உடையும்படி மாற்றினால் முதல் எண், உடையாமல் புதிதாக ஏதாவது சேர்த்தால் நடு எண், பிழையை மட்டும் திருத்தினால் கடைசி எண் ஏறும். இடப்பக்க எண் ஏறினால் அதற்கு வலப்பக்கம் உள்ளவை சுழியத்துக்குத் திரும்பும். 1.9.4க்கு அடுத்த மைனர் 1.10.0, 2.0.0 அல்ல.

இந்த விதிக்கு வலு வருவது அதை நம்பி இயங்கும் கருவிகளால்தான். ஜாவாஸ்கிரிப்ட் உலகின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மில் ஒரு பேக்கேஜைச் சேர்த்தால் பதிப்பெண்ணுக்கு முன்னால் தானாகவே ^ குறி விழுகிறது. ^1.2.3 என்றால் 1.2.3 முதல் 2.0.0க்கு முன்வரை எது வந்தாலும் சம்மதம் என்று பொருள். ~1.2.3 என்றால் 1.3.0க்கு முன்வரை. ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் மேனேஜரான கார்கோவில் குறியே போடாவிட்டாலும் ^ போட்டதாகத்தான் கணக்கு. அதாவது நீங்கள் 1.4.0 என்று வெளியிட்ட மறுநிமிடம், உங்களுக்கு முகம் தெரியாத ஆயிரம் பேரின் பில்ட்கள் (நிரலைக் கட்டியெழுப்பும் ஓட்டங்கள்) எவரையும் கேட்காமல் அதை இழுத்துக்கொள்ளலாம். பதிப்புகளை உறையவைக்கும் லாக் கோப்பு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். நடு எண்ணை ஏற்றுவதா முதல் எண்ணை ஏற்றுவதா என்ற முடிவின் கனம் இவ்வளவு.

சுழியத்தில் தொடங்கும் பதிப்புகளில்தான் பலர் வழுக்குகிறார்கள். செம்வெர் விதிப்படி 0.y.z என்றால் எப்போது வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் என்பிஎம் அதைக் கொஞ்சம் இறுக்கிப் படிக்கிறது: ^0.2.3 என்றால் 0.3.0க்கு முன்வரை மட்டும், ^0.0.3 என்றால் 0.0.3 மட்டுமே. ஆக 0.x காலத்தில் நடு எண் மேஜர் வேலையைப் பார்க்கிறது. இது தெரியாமல் 0.4.1இல் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, "இன்னும் 1.0 ஆகவில்லையே, மாற்ற உரிமை உண்டு" என்று வாதிடுபவர் விதிப்படி சரி, நடைமுறையில் தவறு. இன்னொன்று: உங்கள் லைப்ரரியைப் புரொடக்‌ஷனில் பத்துப் பேர் ஓட்டிக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே 1.0தான். ரியாக்ட் லைப்ரரி 0.14 வரை சுழியத்திலேயே நின்றுவிட்டு 2016இல் நேராக 15.0 என்று தாண்டியதும் இதை ஒப்புக்கொண்டுதான்.

எது "உடைப்பு" என்பதில் விதியைவிட நியாய உணர்வுதான் கைகொடுக்கும். ஃபங்ஷனை நீக்கினால் உடைப்பு என்பதில் சந்தேகமில்லை. பிழைச்செய்தியின் வாசகத்தை மாற்றினால்? அந்த வாசகத்தை ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத் தேடல்) போட்டுத் தேடும் ஒருவர் எங்கோ இருப்பார். பயனாளர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குக் கொடுக்காத நடத்தையையும் எவராவது சார்ந்திருப்பார் என்பதை ஹைரம் விதி என்று தொழிலில் சொல்கிறோம். அதற்காக ஒவ்வொரு திருத்தத்துக்கும் மேஜரை ஏற்றினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். ஆவணத்தில் எழுதியது மாறினால் மேஜர், ஆவணத்துக்கு விரோதமாக நடந்துகொண்டிருந்ததைச் சரிசெய்தால் பேட்ச் என்று கோடு கிழித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அதற்கு ஆவணம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். செம்வெரின் முதல் விதியே பொது ஏபிஐயை (பிற நிரல்கள் அழைக்கக்கூடிய பகுதியை) அறிவி என்பதுதான். பலரும் அந்த வரியைத் தாண்டிக் குதித்து மூன்று எண்களுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏபிஐ மாறாமலும் உலகம் உடையும். பைத்தானின் கிரிப்டோகிராஃபி பேக்கேஜ் 2021 பிப்ரவரியில் 3.4 பதிப்பில் ரஸ்ட் மொழியில் எழுதிய பகுதியைக் கொண்டுவந்தது. பைத்தான் பக்கத்தில் எந்த ஃபங்ஷனும் அதற்காக மாறவில்லை. ஆனால் மூலத்திலிருந்து கட்டும் இடங்களில், குறிப்பாக ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்களில், ரஸ்ட் கம்பைலர் இல்லாமல் பில்ட்கள் வரிசையாக விழுந்தன. மைனர் எண்ணில் இப்படிச் செய்யலாமா என்று கோபப்பட்டவர்கள் கவனிக்காதது, அந்தத் திட்டம் செம்வெரைப் பின்பற்றுவதாகச் சொன்னதே இல்லை. மூன்று எண்களைப் பார்த்தவர்கள் தாமாகவே அப்படி எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டில் அந்தத் திட்டம் அடுத்த வெளியீட்டை 35.0 என்று எண்ணிட்டு அந்தத் தோற்றத்தையே கைவிட்டது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: குறைந்தபட்சக் கம்பைலர், பைத்தான், நோட் பதிப்பை உயர்த்துவது உங்கள் கணக்கில் மேஜரா மைனரா என்பதை ரீட்மீயில் ஒரு வரி எழுதிவிடுங்கள். எதை வைத்தாலும் சண்டை வரும், எழுதிவைத்தால் சண்டை சீக்கிரம் முடியும்.

கோ மொழியில் இன்னொரு செலவு உண்டு. மேஜர் 2 ஆனதும் மாட்யூல் பாதையின் கடைசியில் /வி2 சேர்ந்தாக வேண்டும். பயன்படுத்துபவர் ஒவ்வொரு இம்போர்ட் வரியையும் மாற்ற வேண்டும். இதனால் கோ உலகில் பலர் 1.xஐ விட்டு நகர மறுக்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்பதில் கட்சிகள் உண்டு. எளிதில் உடைக்க முடியாதபடி இருப்பது லைப்ரரிக்கு நல்ல குணம் என்பது என் கட்சி.

லைப்ரரி அல்லாமல் ஒருவர் திறந்து உபயோகிக்கும் செயலியாகவோ, முழு இயங்குதளமாகவோ இருந்தால் செம்வெர் பேச்சே வேண்டாம். எந்த நிரலும் அதை இம்போர்ட் செய்யவில்லை. "உடைப்பு" என்பதற்கே அங்கே தெளிவான பொருள் கிடையாது. பொத்தானை இடம் மாற்றியது மேஜரா என்று ஒரு மணி நேரம் கூட்டம் போடுவதில் பயனில்லை. அங்கே பயனாளருக்கு வேண்டியது இது எவ்வளவு பழையது, ஆதரவு இன்னும் இருக்கிறதா என்ற இரண்டு விடைகள். தேதியை எண்ணாக்கும் கேல்வெர் முறை அவற்றைப் பார்த்ததும் சொல்லிவிடும். உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரல். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்தாண்டு ஆதரவு என்பது தெரிந்தால் 2029 வரை என்று கணக்குப் போட்டுவிடலாம்.

தேதி முறைக்கு ஒரு நிபந்தனை: வெளியிடும் தேதி தள்ளிப்போனால் எண்ணும் மாறும். 2006இல் உபுண்டு 6.04 ஆக வரவேண்டியது ஆறு வாரம் தாமதமாகி 6.06 ஆனது அப்படித்தான். எனவே விளம்பரத்திலும் ஆவணத்திலும் எண்ணை முன்கூட்டியே அச்சடிக்கும் பழக்கமுள்ள நிறுவனங்கள் மாதத்தை எண்ணுக்குள் வைக்காமல், ஜெட்பிரெயின்ஸ் செய்வதுபோல் 2024.1, 2024.2 என்று ஆண்டும் வரிசையுமாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இனி கருவிகள் தேதியை எப்படி விழுங்குகின்றன என்று பார்க்கலாம். இங்கேதான் பலரின் திட்டம் முதல் பில்டிலேயே இடறுகிறது. 24.04இல் இருக்கும் முன்சுழியத்தைச் செம்வெர் ஏற்காது. பைத்தானின் பெப் 440 விதி அதைச் சத்தமில்லாமல் 24.4 என்று மாற்றிவிடும். நிரல் களஞ்சியத்தில் வெளியீட்டுக்கு இடும் டேகில் ஒன்று, பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ பக்கத்தில் இன்னொன்று என்று கிடக்கும். விண்டோஸின் எம்எஸ்ஐ இன்ஸ்டாலரில் முதல் இரண்டு எண்களுக்கும் உச்சவரம்பு 255, மூன்றாவதற்கு 65535. ஆகவே 2025.3.1 அங்கே செல்லாது, 25.3.1 என்று சுருக்க வேண்டும். நான்காவது எண் ஒன்று கொடுத்தால் எம்எஸ்ஐ அதை ஒப்பீட்டில் கண்டுகொள்ளாது; பில்ட் எண்ணை அங்கே வைத்துவிட்டு அப்கிரேட் ஏன் நடக்கவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம். டாட்நெட் அசெம்ப்ளியின் நான்கு பகுதிகளும் 16 பிட்தான் (65535ஐத் தாண்டாது), 20250301 என்ற தேதி எந்தப் பகுதியிலும் அடங்காது.

ஆண்ட்ராய்டு கணக்கு இன்னும் சுவாரசியம். அங்கே இரண்டு எண்கள்: மனிதருக்கு வெர்ஷன் நேம், இயந்திரத்துக்கு வெர்ஷன் கோட். முதலாவது வெறும் சரம், அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவது முழு எண், ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏறித்தான் ஆக வேண்டும், கூகுள் பிளே 2100000000க்கு மேல் ஏற்காது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம், பிறகு மாதம், நாள், மணி, நிமிடம் என்று கோத்தால் 2020 டிசம்பர் 31 இரவு 23:59க்கு 2012312359 கிடைக்கும், வரம்புக்குள். அடுத்த நிமிடம் 2101010000, வரம்புக்கு வெளியே. ஆண்டுக்கு நான்கு இலக்கம், மாதம், நாள், அன்றைய வரிசைக்கு இரண்டு இலக்கம் என்று கோத்தால் 2099 முடியும்வரை தாங்கும். ஆனால் ஒரு நாள் அவசரத்தில் எவராவது பெரிய எண்ணைப் போட்டுவிட்டால் பின்வாங்க வழியில்லை, அங்கிருந்து மேலேதான் போக வேண்டும். 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும் எண்ணே போதும் என்பேன். சிஐயின் பில்ட் எண்ணை அப்படியே கொடுத்துவிடலாம், சிஐயை மாற்றும் நாளில் தொடக்க எண்ணை மட்டும் மறக்காமல் உயர்த்த வேண்டும்.

எண்ணுக்கு அர்த்தமே வேண்டாம் என்று வைத்துக்கொள்வதும் ஒரு முறைதான். லினக்ஸ் கெர்னலில் ஒரு காலத்தில் நடு எண் ஒற்றைப்படையானால் சோதனை, இரட்டைப்படையானால் நிலையானது என்று இருந்தது. 2.6 தொடரிலேயே அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 2.6.39க்கு அடுத்தது 2011இல் 3.0, பிறகு 3.19க்கு அடுத்து 4.0, 4.20க்கு அடுத்து 5.0, 5.19க்கு அடுத்து 6.0. எண் பெரிதானது தவிர வேறு காரணம் எதுவுமில்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸே ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவார். ஆனால் அர்த்தமில்லாத எண்ணையும் இயந்திரம் ஒப்பிடுகிறது. கெர்னல் தன் பதிப்பை ஒரே முழு எண்ணாகக் கட்டும்போது கடைசிப் பகுதிக்கு எட்டு பிட் ஒதுக்கியிருந்தது, அதாவது 255 வரை. நீண்டகால ஆதரவுத் தொடர்களான 4.4உம் 4.9உம் 2021 பிப்ரவரியில் 256ஆவது திருத்தத்தைத் தொட்டன. அந்தக் கணக்கில் 4.9.256ஐக் கட்டினால் வருவது 4.10.0. கடைசியில் அந்தக் குறியீட்டில் மட்டும் 255க்கு மேல் ஏறாதபடி பிடித்து நிறுத்தினார்கள்.

உலாவிகளுக்கும் இதே அனுபவம்தான். 2009இல் ஓபரா 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்து "ஓபரா 1" என்று முடிவுகட்டிய தளங்களுக்குப் பயந்து உலாவி தளங்களிடம் தன்னை அடையாளம் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியில் 9.80 என்றே எழுதிவைத்தார்கள். 2022இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஐத் தொடும் முன் மூன்று இலக்கத்தால் எந்தத் தளம் உடையும் என்று மாதக்கணக்கில் சோதித்தார்கள். மேக் இயங்குதளம் 11 ஆனபோது பழைய நிரல்களுக்குத் தன்னை 10.16 என்று சொல்லிக்கொண்டது. விண்டோஸ் 11 இன்றும் உள்ளுக்குள் 10.0தான், பில்ட் எண் மட்டும் 22000இல் தொடங்கியது. சந்தைக்கு ஒரு பெயர், இயந்திரத்துக்கு ஓர் எண் என்று இரண்டையும் பிரித்துவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்பனைத் துறை "5" வேண்டும் என்றால் பெட்டியில் 5 என்று போட்டுக்கொள்ளட்டும், பேக்கேஜுக்குள் இருப்பதைத் தொடவிடாதீர்கள்.

அடுத்து முன்வெளியீடுகள். செம்வெரில் ஹைபனுக்குப் பின் வருவது முன்வெளியீட்டு அடையாளம்: 2.0.0-ஆர்சி.1 என்பது 2.0.0ஐவிடச் சிறியது (ஆர்சி என்பது ரிலீஸ் கேண்டிடேட், இறுதிக்கு முந்தைய சோதனை வெளியீடு). ஆர்சிக்கும் எண்ணுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். புள்ளி இருந்தால் 10 தனி எண்ணாகி 2ஐவிடப் பெரிதாகிறது. ஒட்டி எழுதினால் முழுவதும் எழுத்துச் சரமாகி, ஆர்சி10 ஆர்சி2க்கு முன்னால் போய் உட்காரும். பத்தாவது ஆர்சி வரும்வரை எவருக்கும் தெரியாது, வரும் நாளில் வெளியீட்டு நெருக்கடி உச்சத்தில் இருக்கும். டெபியன் லினக்ஸில் ஹைபனுக்கு வேறு வேலை இருப்பதால் அங்கே ~ குறி, 2.0~ஆர்சி1 என்றால்தான் 2.0க்கு முன்னால் வரிசைப்படும். பைத்தானில் எந்தக் குறியும் இல்லாமல் 2.0ஆர்சி1. மூன்று இடங்களுக்கும் பேக்கேஜ் போடுபவர்கள் இந்த மாற்றத்தை ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட வேண்டும், கையால் செய்யக் கூடாது.

கமிட் ஹாஷை (நிரலில் சேமித்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் கருவி தரும் அடையாளச் சரத்தை) பதிப்பில் ஒட்டும்போது ஒரு பொல்லாத பிழை காத்திருக்கிறது. ஏழு எழுத்து ஹாஷ், ஒவ்வோர் எழுத்தும் 16இல் ஒன்று. முன்வெளியீட்டுப் பகுதியில் வெறும் இலக்கங்களாக வரும் துண்டு முன்சுழியத்தோடு தொடங்கக் கூடாது என்பது செம்வெர் விதி. முதல் எழுத்து சுழியமாகவும் மற்ற ஆறும் இலக்கங்களாகவும் அமைய வாய்ப்பு சுமார் 268இல் ஒன்று. ஆகவே ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை காரணமே தெரியாமல் ஒரு பில்ட் விழும், அடுத்த கமிட்டில் தானாகச் சரியாகிவிடும், எவரும் நோண்டிப் பார்க்க மாட்டார்கள். ஹாஷுக்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கிட்டின் டிஸ்கிரைப் கட்டளை முன்னால் "ஜி" சேர்ப்பதால் அதன் வெளியீட்டை அப்படியே எடுத்தால் இந்தத் தொல்லை வராது. + குறிக்குப் பின்னால் பில்ட் தகவலாக வைக்கலாமே என்றால், ஒப்பீட்டில் செம்வெர் அதைக் கணக்கில் எடுக்காது என்பது ஒன்று, டாக்கர் டேகில் + குறி செல்லாது என்பது இன்னொன்று.

உங்கள் சர்வரில் மட்டும் ஓடும் சேவை என்றால் இவ்வளவும் மிகை. பில்ட் எண்ணும் ஹாஷும் இயக்கப் பதிவான லாகிலும் ஹெல்த் பக்கத்திலும் தெரிந்தால் போதும். வெளியே தெரியும் ஏபிஐக்கு மட்டும் தனிப் பதிப்பு.

வெளியிட்ட எண்ணை மறுபடி உபயோகிக்க முடியாது என்பது லைப்ரரிகளைச் சேமித்து வழங்கும் பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரிகள் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட விஷயம். என்பிஎம்மில் ஒரு பதிப்பை நீக்கினாலும் அந்த எண் திரும்பக் கிடைக்காது. பைபிஐ அதே கோப்புப் பெயரை மறுபடி ஏற்காது. கோ மொழியில் டேகை நகர்த்தினால் செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) பொருந்தாமல் பயனாளரின் பில்ட் நின்றுவிடும். 1.4.0இல் கோப்பு ஒன்று விடுபட்டுவிட்டால் 1.4.1தான் வழி. எண்களுக்குப் பஞ்சமில்லை, கூச்சப்பட வேண்டாம். அதேபோல 2.0 வந்த பிறகு பழைய தொடருக்கு 1.9.5 வெளியிடும்போது, எண் சிறியதாக இருந்தாலும் கடைசியாக வெளியானது என்பதாலேயே என்பிஎம் நீண்ட காலம் அதற்கு "லேட்டஸ்ட்" குறிச்சொல்லை ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய தொடருக்கும் பீட்டாவுக்கும் குறிச்சொல்லை வெளிப்படையாகக் கொடுத்து வெளியிடுவதே பாதுகாப்பு.

முறையை நடுவழியில் மாற்றலாமா? ஒரு திசையில் மட்டும். பைத்தானின் பேக்கேஜ் மேனேஜரான பிப் 2018இல் 10.0.1லிருந்து 18.0க்குத் தாவித் தேதி முறைக்கு வந்தது. வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் 0.118லிருந்து 2020.12க்கு வந்தது. இரண்டிலும் புதிய எண் பெரியது, எந்தக் கருவிக்கும் உறுத்தவில்லை. 2024.1லிருந்து 3.0க்கு இறங்க நினைத்தால் உலகிலுள்ள எல்லாக் கருவிகளும் 3.0ஐப் பழையது என்றே கொள்ளும். பைத்தானிலும் டெபியனிலும் ஈபாக் என்ற தப்பிக்கும் வழி உண்டு: முன்னால் 1! அல்லது 1: சேர்த்தால் அது இல்லாத எல்லாவற்றையும்விடப் பெரிதாகும், ஆனால் ஒருமுறை சேர்த்ததை என்றைக்கும் எடுக்க முடியாது. என்பிஎம்மில் அதுவும் கிடையாது, பெயரை மாற்றிப் புதுப் பேக்கேஜாகப் போட வேண்டியதுதான். எனவே சந்தேகமாக இருந்தால் சிறிய எண்களில் தொடங்குங்கள். பிறகு தேதிக்கு ஏறிக்கொள்ளலாம்.

முடிவெடுத்த பிறகு, முதல் வெளியீட்டுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நீங்கள் தேர்ந்த வடிவத்தில் 9க்கும் 10க்கும், 99க்கும் 100க்கும், 255க்கும் 256க்கும் இடையில் தாவும் எண்களை எழுதுங்கள். ஆர்சி.2, ஆர்சி.10, அதன் இறுதி வெளியீடு, பழைய தொடரின் ஒரு பேட்ச் ஆகியவற்றையும் சேருங்கள். உங்கள் எண்ணைத் தொடப்போகிற ஒவ்வொரு கருவியிலும் அந்தப் பட்டியலை வரிசைப்படுத்திப் பாருங்கள்: டெபியனுக்கு டிபிகேஜியின் ஒப்பீட்டுக் கட்டளை, பைத்தானுக்கு பேக்கேஜிங் லைப்ரரி, நோடுக்கு செம்வெர் பேக்கேஜ், ஷெல்லுக்கு சார்ட் கட்டளையின் பதிப்பு வரிசை. இந்தக் கடைசியை மட்டும் முழுதாக நம்பாதீர்கள், ஹைபன் போட்ட ஆர்சியை அது இறுதி வெளியீட்டுக்குப் பின்னால்தான் வைக்கும்.